முற்றத்தைக் கையளித்த நாள்

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் தட்டில், தையல் நூல் கட்டைகளுக்குப் பக்கத்தில், ஒரு ஜாம் போத்தல் இருக்கிறது. உள்ளே ஏழு குரும்பட்டிகள். தென்னையில் நிலைக்காமல் உதிர்ந்து விழும் பிஞ்சுகள்தான் குரும்பட்டி. பளைப் பக்கத்தில் எந்த மரத்தடியில் குனிந்தாலும் கை நிறைய அள்ளலாம். போத்தலில் இருப்பவை கறுத்துச் சுருங்கிவிட்டன. ஆட்டினால் கலகலவென்று சத்தம் போடும். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ நாட்டு மருந்து என்று நினைக்கிறார்கள், நானும் திருத்துவதில்லை. போன கிழமை அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த மகள் போத்தலைத் தூக்கிப் பிடித்து, "அம்மா, இதை எறியட்டோ?" என்று கேட்டாள். "வை அதை" என்றேன். குரல் கொஞ்சம் உரத்துவிட்டது போலும். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கென்றே இருக்கிற ஒரு பார்வை பார்த்தாள்.

போத்தலின் கதையைச் சொல்வதென்றால் அவளுடைய முன்பள்ளி ரீச்சரின் கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் நான் பார்த்த வேலையைச் சொல்ல வேண்டும். இப்போது வீட்டிலிருந்து தைக்கிறேன். அப்போது மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். விடியற்காலையில் வான் வந்து ஏற்றிக்கொண்டு போகும். வெயில் ஏறுமுன் முகக்கவசத்தையும் பாரமான அங்கியையும் மாட்டிக்கொண்டு மணலில் முழங்கால் குத்தி உட்கார்ந்தால், ஒரு மீற்றர் அகலத்துக்குக் கயிறு கட்டிய பாதைதான் எனக்கு உலகம். இரும்புப் பல் வைத்த வாரியால் மணலை மெல்ல மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். பார்க்காத இடத்துக்குச் சிவப்புத் தலை வைத்த தடி, பார்த்து முடித்த இடத்துக்கு வெள்ளைத் தலை வைத்த தடி. ஒருநாள் முழுக்க இழுத்தாலும் ஒரு பாய் விரிக்கிற அளவுதான் முன்னேறியிருப்போம். மிதிவெடியை விடக் கரண்டியும் செருப்பும் பால்மாத் தகரப் பேணியும்தான் அதிகம் கிடைத்தன. ஆனால் கரண்டி என்று தெரியும்வரைக்கும் அது கரண்டி இல்லை. அதுதான் அந்த வேலை.

அந்த வேலையை வான் கதவோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வர என்னால் முடியவில்லை. மகள் தவழத் தொடங்கிய நாளிலிருந்தே ஒன்றைச் சொல்லி வளர்த்தேன். வெளியே நிலத்தில் கிடக்கிற எதையும் தொடக்கூடாது. கண்டால் நிற்க வேண்டும். காலைச் சேர்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அம்மா தலையாட்டினால் தொடலாம், ஆட்டாவிட்டால் இல்லை. மூன்று வயதில் அவள் இதைப் பிசகில்லாமல் செய்தாள். தன்னுடைய பந்து வேலியடிக்கு உருண்டு போனால்கூட அப்படியே நின்று என் முகத்தைப் பார்ப்பாள். எனக்கு அதில் பெரிய பெருமை. விருந்தாளிகள் வந்தால் முற்றத்தில் ஒரு சிரட்டையைப் போட்டு, "இப்ப பாருங்கோ" என்று காட்டியிருக்கிறேன். மற்றப் பிள்ளைகள் கண்டதையும் வாயில் வைக்கும்போது என் பிள்ளை மட்டும் ஒழுக்கமாக நிற்கிறது என்று நினைத்தேன்.

நாலு வயது நடக்கும்போது முன்பள்ளியில் சேர்த்தோம். தென்னங்காணி ஒன்றின் மூலையில், தகரக் கூரையும் அரைச் சுவரும் சீமெந்துத் தரையுமாக ஒரு சின்னக் கட்டடம். முன்னால் மணல் முற்றம், அதில் மூன்று தென்னைகள். ரீச்சர் முரசுமோட்டைக்காரி. வயல்காரக் குடும்பத்துப் பெண், எங்கள் ஊரில் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் தங்கியிருந்தா. வயது இருபத்துமூன்றுக்கு மேல் இராது, என்னை விடப் பத்து வயதாவது இளையவா. சீலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பில்லாமல் பிள்ளைகளோடு மணலில் நிற்பா. முதல் பெற்றார் கூட்டத்திலேயே எனக்கு அவாவைப் பிடிக்கவில்லை. "ரீச்சர், கொப்பியில எழுதுறது எப்ப துவங்குவியள்?" என்று கேட்டேன். "கை முதல்ல பழகட்டும் அக்கா. கொப்பி எங்கயும் ஓடிப் போகாது" என்றா. பக்கத்து ஊர் முன்பள்ளியில் பிள்ளைகள் நூறு வரைக்கும் எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மண்ணில் உருட்டுவதற்கா பிள்ளையைக் குளிப்பாட்டி அனுப்புகிறோம் என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் வழக்கம்போல, "ஓம் ஓம்" என்றார்.

ரீச்சர் செய்த வித்தைகளை அப்போது கணவர் வாயால்தான் கேட்டேன். சைக்கிளில் ஏற்றிப் போய் விடுவதும் கூட்டி வருவதும் அவர்தான். அந்த நேரம் நான் முழங்காலில் இருப்பேன். முற்றம் முழுக்கத் தடியால் பெரிய எழுத்துகளைக் கீறிவிட்டுப் பிள்ளைகளை அதன்மேல் நடக்க விடுவாவாம். ட என்றால் மேலேயிருந்து இறங்கி வலப்பக்கம் திரும்புவது. ப என்றால் குளத்தில் இறங்கி அக்கரையில் ஏறுவது. கால் பழகிய பிறகு அதையே விரலால் மணலில் எழுத வேண்டும். கணக்குக்குக் கோழி விளையாட்டு. ஆளுக்கொரு சிரட்டை, அதுதான் கூடு. தென்னையடியில் விழுந்த குரும்பட்டிகளைப் பொறுக்கி வந்து முட்டையாகப் போட்டு, கொக்கரித்துக்கொண்டே எண்ண வேண்டும். "ஆருடைய கோழி கெட்டிக்காரி?" என்று ரீச்சர் கேட்பா. பிள்ளைகள் ஒன்றன் சிரட்டையை ஒன்று எட்டிப் பார்த்து, யாருடையது கூட, யாருடையது குறைய என்று அடிபடுவார்கள். கூட்டலும் கழித்தலும் அந்தச் சண்டைக்குள் நடந்து முடிந்துவிடும். இன்றைக்கு யோசித்தால் அதை விட நல்ல கணக்குப் பாடம் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு அது வெறும் கூத்தாகத்தான் பட்டது.

நாலு மாதம் போன பிறகு, ரீச்சர் கணவரிடம் ஒரு சேதி சொல்லி அனுப்பினா. பிள்ளை எண்ணுகிறாளும் இல்லை, எழுதுகிறாளும் இல்லை, அம்மா ஒருநாள் வந்தால் நல்லது. வரும் தை மாதத்துக்கு அடுத்த தையில் அவள் முதலாம் வகுப்புக்குப் போக வேண்டும். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, "பிள்ளைக்கு விளங்குறது குறைவோ?" என்று என்னிடமே கேட்டாள். நான் கொப்பியும் பென்சிலும் வாங்கி வந்து, பின்னேரம் அவளை மேசையில் இருத்தி, "ஒண்டு எழுது, ரெண்டு எழுது" என்று அதட்டினேன். அவள் பென்சிலை அழுத்தி முனையை உடைத்துவிட்டு அழுதாள். நானும் அடுப்படிக்குள் போய் அழுதேன். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கண்ணும் காதும் நல்லாயிருக்கிறது, எதற்கும் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கிற கிளினிக்கில் காட்டுங்கள் என்று ஒரு திகதி தந்தார்கள். அதன் பிறகு பல நாள் நான் சரியாகச் சாப்பிட்டதாக நினைவில்லை. வேலையில் ஒருநாள் நான் மணலை இழுக்காமல் வாரியைப் பிடித்தபடி இருந்ததைக் கண்டு, பொறுப்பாளர் என்னைப் பாதையிலிருந்து எழும்பச் சொல்லி இரண்டு நாள் லீவு தந்தார்.

அந்த லீவில்தான் முதன்முதலாக, பாடம் நடக்கிற நேரத்தில் முன்பள்ளிக்குப் போனேன். மகளுக்குத் தெரியாமல் அரைச் சுவருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கோழி விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் தென்னையடியில் சிதறி ஓடிக் குரும்பட்டி பொறுக்கினார்கள். என் மகள் மட்டும் சீமெந்துத் தரையின் விளிம்பில் நின்றாள். கால் இரண்டும் சேர்ந்திருந்தன. கைகள் பின்னால் கட்டியிருந்தன. முகம் அங்குமிங்கும் எதையோ தேடியது. அவள் தேடியது என் முகத்தை என்று எனக்கு உடனே தெரிந்தது. நாலு மாதமாக, ஒவ்வொரு நாள் காலையும், தலையாட்ட ஆளில்லாமல் அந்தக் குழந்தை அப்படியே நின்றிருக்கிறது.

ரீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, குறை என்னில்தான் என்றேன். அவா என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்து, என் வேலையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினா. தடிக்கு ஏன் இரண்டு நிறம், கயிறு ஏன், முடிந்த பிறகு காணியை எப்படிக் கொடுப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டா. முடிந்த காணியில் முதலில் நாங்களே நடந்து காட்டுவோம், பிறகுதான் சனத்திடம் கையளிப்போம் என்றேன். அதைக் கேட்டதும் ரீச்சர் சொன்னா:

"அக்கா, நீங்கள் பிள்ளைக்கு நல்ல கணக்குத்தான் சொல்லிக் குடுத்திருக்கிறியள். தொடலாம், தொடக்கூடாது. உலகத்தை ரெண்டாப் பிரிக்கிறதுதான் முதல் கணக்கு. நானும் அதில இருந்துதான் துவங்குறனான். ஆனா ஊரில எல்லாருக்கும் காணி குடுத்தனீங்கள். உங்கட பிள்ளைக்கு இந்த முற்றத்தை இன்னும் குடுக்கேல்லையே?"

அந்த முற்றம் எப்போதோ பார்த்து முடித்த நிலம். கட்டடம் வருவதற்கு முன்பே எங்கள் ஆட்கள் வெள்ளைத் தடி நட்டுவிட்டுப் போன இடம். எனக்கு அது தெரியும், வரைபடத்திலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் தெரிவது வேறு, பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்வது வேறு.

அடுத்த சனிக்கிழமை காலை, மற்றப் பிள்ளைகள் இல்லாத நேரம், மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். வேலைக்குப் போடும் நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டிருந்தேன். அந்த உடுப்பைத்தான் அவள் நம்புவாள் என்று ரீச்சர் சொல்லியிருந்தா. ரீச்சர் ஏழு தடிகளை வெட்டி, நுனியில் சுண்ணாம்பு பூசி வைத்திருந்தா. முற்றத்தைத் தும்புக் கயிற்றால் ஏழு பாதைகளாகப் பிரித்தோம். நான் முதல் பாதையில் முழங்கால் குத்தி, வெறுங்கையால் மணலைத் தடவித் தடவிப் போனேன். மகள் கயிற்றுக்கு வெளியே, சீமெந்துத் தரை விளிம்பில், கையைக் கட்டிக்கொண்டு, என்னோடு கூடவே நகர்ந்தாள். பாதை முடிந்ததும் தரையோரத்தில் வெள்ளைத் தடியை நட்டேன். மூன்றாவது தடியை நட்டபோது, "மூண்டு" என்று ஒரு மெல்லிய குரல் கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்ப வேண்டாம் என்று ரீச்சர் கண்ணால் காட்டினா. நாலு, ஐந்து, ஆறு என்று அவளே சொல்லிக்கொண்டு வந்தாள். ஏழாவது தடியை அவள் கையிலேயே கொடுத்து நடச் சொன்னேன். நட்டாள்.

பிறகு முற்றத்தின் குறுக்கே நடந்தேன். போதாது என்று குதித்தும் காட்டினேன். முப்பது வயது தாண்டிய பெண்பிள்ளை சப்பாத்தோடு தென்னையடியில் தொம் தொம்மென்று குதித்ததைப் பார்த்து ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. மகள் தரை விளிம்பிலிருந்து ஒரு காலை மணலில் வைத்தாள். குரும்பட்டி ஒன்றின் முன்னால் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"தொடலாமோ அம்மா?"

எத்தனையோ காணியில் நடந்து காட்டிக் கையளித்திருக்கிறேன், ஒன்றுக்கும் இவ்வளவு பயந்ததில்லை. "தொடலாம். இந்த வேலிக்குள்ள எல்லாத்தையும் தொடலாம். வேலிக்கு வெளியில எண்டால் கேக்கோணும்" என்றேன். அவள் குனிந்து எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு ஒவ்வொரு பாதையிலும் போய் ஒவ்வொன்றாக எடுத்து வந்து ஒரு சிரட்டையில் போட்டாள்.

"என்ரை கோழி ஏழு முட்டை" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொடர்ந்தாள். "ரீச்சர், நேற்று நிலா தன்ரை கோழி பத்து முட்டை எண்டு சொன்னவ. பொய். எட்டுத்தான் இருந்தது."

ரீச்சரும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். நாலு மாதமும் அவள் தரை விளிம்பில் நின்று எல்லாருடைய முட்டைகளையும் கண்ணாலேயே எண்ணியிருக்கிறாள். ரீச்சர் ஒரு தடியை நீட்ட, வாங்கி மணலில் ட கீறினாள். ப கீறினாள். ம மட்டும் கொஞ்சம் கோணலாக வந்தது. நான் அப்படியே மணலில் குந்திவிட்டேன். நெஞ்சிலிருந்து பெரிய பாரம் ஒன்றை யாரோ தூக்கிக்கொண்டு போனது போல இருந்தது. அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அன்று மத்தியானம் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

தந்த திகதியில் கிளினிக்குக்கும் போனோம், போகாவிட்டால் மனம் கேட்காது. அங்கே இருந்த டொக்டர் அம்மா நிறக்கட்டைகளைக் கொட்டினா. மகள் என்னை ஒருமுறை பார்த்தாள், நான் தலையாட்டினேன். அவ்வளவுதான், அரை மணித்தியாலம் அவளை அந்த மேசையிலிருந்து எழுப்ப முடியவில்லை. "ஏன் அம்மா இந்தப் பிள்ளையைக் கொண்டு வந்தனீங்கள்?" என்று டொக்டர் கேட்டா. அது பெரிய கதை என்றேன்.

ரீச்சர் அடுத்த வருடம் கலியாணம் முடித்து வவுனியாப் பக்கம் போய்விட்டா. போகும்போது பெற்றார் எல்லாரிலும் அதிகம் அழுதது நான்தான். கொப்பி கேட்டு அவாவை அரித்தவளும் நான்தான் என்று சொல்லி அவா சிரித்தா. தைப்பொங்கலுக்கு இன்றைக்கும் போனில் கதைப்பா. முதல் கேள்வி, "என்ரை கணக்குப்பிள்ளை எப்பிடி?" என்பதாகத்தான் இருக்கும். கணக்குப்பிள்ளை எட்டாம் வகுப்பில், கணக்கில் கெட்டிக்காரி, மற்றதில் சுமார். என் முழங்கால்கள் ஓய்ந்து, நான் வேலையை விட்டு நாலு வருடமாகிறது. எங்கள் பக்கத்தில் மிதிவெடி என்று எச்சரித்து நின்ற மண்டையோட்டுப் பலகைகளும் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. அந்த இடங்களில் இப்போது கச்சான் கடலையும் மரவள்ளியும் நிற்கின்றன.

போன கிழமை, போத்தலை எறிய வேண்டாம் என்று சொன்ன பிறகு, இந்தக் கதை முழுவதையும் மகளுக்குச் சொன்னேன். வாசற்படியில் இருந்து, போத்தலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அவளுக்கு ஒன்றுமே நினைவில்லை. தரை விளிம்பு, கயிறு, வெள்ளைத் தடி எதுவும் இல்லை. "நானோ? மண்ணைத் தொடப் பயந்தனானோ?" என்று நம்பாமல் சிரித்தாள். மூடியைத் திருகித் திறந்து ஒவ்வொன்றாகக் கையில் கொட்டி எண்ணினாள். ஆறாவதோ ஏழாவதோ விரலிடுக்கால் நழுவிப் படியில் உருண்டு, முற்றத்து மணலில் போய் விழுந்தது.

பழக்கதோஷம், என் தலை தானாகவே நிமிர்ந்தது. அவள் பார்த்தால் ஆட்டுவதற்குத் தயாராக இருந்தேன்.

அவள் வெறுங்காலோடு இறங்கிப் போனாள். குனிந்து, சருகை விலக்கி, குரும்பட்டியை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். ஒருமுறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.