டம்ளரில் துள்ளிய தேநீர்

முதல் சுற்று எப்போதும் அவருக்குத்தான். கேளிக்கைப் பூங்காவின் வாசல் திறக்க அரைமணி இருக்கும்போதே, சங்கிலி ராட்டினத்தின் முப்பத்திரண்டு நாற்காலிகளில் ஒன்றில் ஏறி, கையில் அரை டம்ளர் தேநீரோடு உட்கார்ந்துவிடுவார். கீழே மெக்கானிக் சுவிட்சைப் போடுவார். வேகம் பிடிக்கப் பிடிக்க நாற்காலி வெளிப்பக்கமாகச் சாய்கிறது, டம்ளரும் சாய்கிறது, தேநீர் மட்டும் ஒரு சொட்டுகூடச் சிந்துவதில்லை. அவரைப் பற்றி எழுத வந்த நான் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறேன். அவரோ நிதானமாக ஒரு வாய் குடித்துக்கொள்கிறார்.

ஊழியர்களுக்கு அவர் டம்ளர் அக்கா. பத்தொன்பது வருஷமாக இந்த ராட்டினத்தை ஓட்டுகிறவர். அதெப்படிச் சிந்தவில்லை என்று கேட்டேன். "நாற்காலி எவ்ளோ சாயுதோ டீயும் அவ்ளோதான் சாயும். அதுக்கு நாற்காலிதான் தரை. மேல சுத்துறப்ப உங்களுக்கு மட்டும் என்ன, விழுற மாதிரியா இருக்கு? சீட்டுல வச்சு அமுக்குற மாதிரில்ல இருக்கு!"

கனத்த உடம்புக்காரர்கள் தயங்கி நின்றால் அவருக்குப் பொறுக்காது. "பக்கத்துல வர்ற காலி நாற்காலியப் பாருங்க, அதுவும் உங்கள மாதிரியேதான் சாஞ்சு வரும். ராட்டினம் யாரையும் எடை போடாதுங்க" என்று கையைப் பிடித்து ஏற்றிவிடுவார்.

போன மாதம் ஒரு விடுமுறை நாளில் நானும் அங்கே இருந்தேன். சோதனைச் சுற்று முடிந்து இறங்கியவர், டீ துள்ளுகிறது, மேலே ராட்டினம் சுழல்கிற பேரிங்கைப் பார்க்காமல் யாரையும் ஏற்றமாட்டேன் என்றார். வாசலில் வரிசை நெளிந்துகொண்டிருந்தது. மானேஜர் கணினித் திரையைக் காட்டினார். எல்லாம் பச்சை, கோளாறு எதுவும் காட்டவில்லை. "உங்க கைதான் நடுங்குதோ என்னவோக்கா!"

அவர் விளையாட்டாகச் சொன்னதுதான். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. ஒரு வாரமாகவே பொத்தான் போடும்போது வலக்கை விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று அன்று காலைதான் என்னிடம் சொல்லியிருந்தார். கை நடுங்குகிறவரை ராட்டினத்தின் பக்கமே விடமாட்டார்கள், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். டீ துள்ளியதைப் பற்றி வாயை மூடிக்கொண்டால் வேலை மிஞ்சும்.

மறுபடி ஏறினார். மூன்று சுற்று. இறங்கி நேரே மானேஜரிடம் வந்தார்.

"கை நடுங்கினா எல்லா எடத்துலயும் நடுங்கணும்ல சார்? டிக்கெட் கூண்டுக்கு நேரா வர்றப்ப மட்டும் ஏன் துள்ளுது? நம்பலன்னா நீங்களே டம்ளரப் புடிச்சுக்கிட்டு ஏறுங்க."

மானேஜர் அசட்டுச் சிரிப்போடு ஏறினார். கூண்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அவர் தலை டம்ளரை நோக்கிக் குனிந்தது. மூன்றாவது முறை சிரிப்பு இல்லை.

மெக்கானிக் மேலே ஏறிப் பார்த்தார். பேரிங் வளையத்தில் ஓரிடத்தில் விரிசல். ராட்டினம் இன்று ஓடாது என்று பலகை மாட்டினார்கள். வரிசை முணுமுணுத்தபடி கலைந்தது.

"நல்லவேளைக்கா, காப்பாத்தினீங்க" என்று மானேஜர் கை குலுக்க வந்தார். அக்கா சிரித்துக்கொண்டே இடக்கையை நீட்டினார். வலக்கையைச் சீருடைப் பைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை.