தீவுக்குப் பாஸ் கொடுத்த சித்தப்பா

ஆறாம் வகுப்பில் பள்ளிக் கண்காட்சிக்கு எனக்கு வந்த தலைப்பு லட்சத்தீவு. வளையமாகப் பவள மேடு, நடுவே ஆழமில்லாத கடல் என்று மிஸ் விளக்கினார். உளுந்து வடை என்று நான் புரிந்துகொண்டேன்.

அம்மாவின் தாம்பாளத்தில் களிமண் வளையம் வைத்து, மேலே கோலமாவு தூவி, சொட்டு நீலம் கலந்த தண்ணீரை உள்ளும் புறமும் ஊற்றினேன். ஈர்க்குச்சிகள் தென்னை மரங்களாயின. முதல் பரிசு எனக்குத்தான் என்று சுரங்கக் குடியிருப்பில் எங்கள் பிளாக் முழுக்கச் சொல்லியும் வைத்தேன்.

தீவின் நிர்வாகத்தையும் காட்டச் சொல்லியிருந்தார் மிஸ்; சிக்கல் அதில்தான் வந்தது. டெல்லியிலிருந்து அனுப்பப்படும் ஓர் அதிகாரிதான் அந்தத் தீவுகளை நிர்வகிக்கிறார். வெளியாள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். இதைக் களிமண்ணில் எப்படிக் காட்டுவது? சித்தப்பா வழி சொன்னார். எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் அப்பா பெர்மனென்ட் தொழிலாளி, சித்தப்பா கான்ட்ராக்ட். கழுத்தில் தொங்கும் பாஸைக் காட்டாமல் ஒருநாளும் சுரங்க கேட்டைத் தாண்டாதவர். அந்தப் பாஸைப் புதுப்பிக்கச் சுரங்க ஆபீஸ் வரிசையில் நாள் கணக்கில் நிற்பவர்.

"நான் அதிகாரியா ஒக்காந்துக்கறேன். பாஸ் இல்லாம ஒருத்தரையும் வுட மாட்டேன்."

உதவிக்கு வீட்டிலிருந்து ஒருவர் வரலாம் என்று பள்ளியிலும் சொல்லியிருந்தார்கள். சித்தப்பா அப்பாவின் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வரிசையில் நின்று, பெயர் சொல்லி, சீட்டு வாங்கினால்தான் தாம்பாளத்தைப் பார்க்கலாம். தலைமையாசிரியரே நின்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியில் பரிசு கொடுக்கும் நடுவர் வந்தார். சுரங்கத்தில் பெரிய அதிகாரி. நேராகத் தீவை நோக்கி நடந்தார்.

"சார், பாஸு?"

"நான் ஜட்ஜுப்பா."

"இருக்கட்டுங்க சார். லைன்ல வாங்க."

நான் சித்தப்பாவின் கையைக் கிள்ளினேன். மனிதர் அசையவில்லை. சுரங்க அதிகாரி சிரித்துக்கொண்டே வரிசையின் கடைசிக்குப் போனார். அவர் முறை வந்தபோது, வேறு யாரிடமும் கேட்காத ஒன்றைச் சித்தப்பா கேட்டார்.

"போட்டோ இல்லீங்களா? போட்டோ இல்லாம பாஸ் போட முடியாதுங்க சார். நாளைக்கு வாங்க."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்து மேசையில் சோடா மாவு எரிமலை பொங்கிக்கொண்டிருந்தது. முதல் பரிசு அதற்குப் போனது.

வீடு வரை சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து அழுதேன். "எல்லாம் உன்னாலதான்!" என்று முதுகில் குத்தினேன். அவருக்கு உறைக்கவே இல்லை.

"அவரு லைன்ல நின்னுகினு இருந்தாரே, பாத்தியா பாப்பா?" என்றார். கொஞ்ச தூரம் போய், "பாத்தியா இல்லியா?" என்று மறுபடியும் கேட்டார்.

என் பரிசு போன அன்று இந்த மனிதருக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று ஆத்திரமாக வந்தது. ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.