சில்லு போட்டாச்சு

போனில் ‘டிங்’ என்று சத்தம் வந்தால் பிச்சைக்கனி ஸ்டூலை விட்டு எழுந்துவிடுகிறார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, “வரணும் சாரே, வரணும்” என்கிறார். எதிரே யாரும் இல்லை. சாலை பஜாரின் சந்தில் இருக்கும் அவருடைய எவர்சில்வர் கடை வாசலில் ஒரு ஆட்டோவும் ஒரு பூனையும்தான் நிற்கின்றன. வந்திருப்பது ஆன்லைன் ஆர்டர். யாரோ எங்கேயோ கட்டிலில் படுத்துக்கொண்டு விரலால் தொட்டிருக்கிறார்கள்.

“படுத்துக்கிட்டுத் தொட்டா என்ன? வாங்க வந்த ஆளு வாங்க வந்த ஆளுதான். நாம ஒக்காந்துக்கிட்டா யாவாரம் பேசுறது?”

பணகுடிக்காரர். ஐம்பத்தாறு வயது. முப்பது வருடமாக மலையாள மண்ணில், இந்தச் சாலை பஜாரில் கடை. தமிழ் ஆட்களிடம் ‘அண்ணாச்சி’, மலையாளிகளிடம் ‘சாரே’, அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்களிடம் இரண்டு மொழியிலும் காது கேட்காது. பாதி வாக்கியங்களை ‘கேட்டா’ என்று முடிப்பார். அந்த ஒரு சொல்லை அவர் மாதிரியே மூக்கில் ஏற்றி யார் சொன்னாலும் சந்தே திரும்பிப் பார்க்கும். நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அவரே திரும்பிப் பார்த்தார்.

அந்த ஆன்லைன் கம்பெனியின் பெயரை அவர் சொல்வதில்லை. ‘பெங்களூர்க்காரன்’ என்பார், பக்கத்துச் சந்தில் பனியனோடு கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஒற்றை ஆள் போல. அந்த ஆளின் சரித்திரம் முழுக்க அவருக்கு மனப்பாடம்.

“மொதல்ல புஸ்தகந்தான் வித்தான். நாங்க சிரிச்சோம். புஸ்தகக் கட வச்சிருந்தவரு மட்டும் சிரிக்கல. பொறவு செல்போன். அப்பவும் சிரிச்சோம். சாமான் கைக்கு வந்தப்பொறவு துட்டு தந்தா போதும்னான் பாத்தீங்களா, அன்னைக்குத்தான் சிரிப்ப நிறுத்தினேன். துட்டு வாங்காம சாமான அனுப்புறவன் ஒண்ணு கிறுக்கன், இல்லேன்னா பெரிய யாவாரி. பாத்தா, பெரிய யாவாரி.” சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம் என்று அவன் சொன்னது, தள்ளுபடி நாளில் கூட்டம் தாங்காமல் அவன் கடையே படுத்துக்கொண்டது, எல்லாம் வரிசையாக வரும். “கடைசியில அவனையே அமெரிக்காக்காரன் ஒருத்தன் வாங்கிட்டான். கடல்ல அப்பிடித்தான் கேட்டா. நெத்திலிய சாள திங்கும், சாளைய சூர திங்கும்.”

பாத்திரத்துக்கு எப்போது வந்தான் என்று கேட்டால்தான் குரல் இறங்கும். “வந்தான். அந்த வருஷம் எங்கிட்ட குக்கரு கேட்டு ஒருத்தரும் வரல.” அதோடு அவரும் ஒரு முடிவு எடுத்தார். எதிர்த்து ஜெயிக்க முடியாது, அவன் கடையிலேயே ஒரு மூலையில் ஸ்டூலைப் போட்டுவிடலாம். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் ஷிஜா, அந்தத் தளத்தில் அப்பா பெயரில் ஒரு கடை திறந்துகொடுத்தாள். விற்க வைத்த முதல் சாமான் புட்டுக்குடம். ஓணத்துக்கு இன்னும் ஒரு மாதம். பரண் நிறைய புட்டுக்குடம் வாங்கி அடுக்கினார்.

புட்டுக்குடத்தில் மூன்று பாகம். கீழே தண்ணீர் கொதிக்கும் குடம், மேலே மாவு நிரப்பும் குழல், குழலின் அடியில் மாவு விழாமல் தாங்கும் ஓட்டைத் தகடு. தகட்டுக்குப் பெயர் சில்லு. சாலை பஜாரில் சில்லைக் குழலுக்குள் வைத்து விற்பதில்லை. வாங்க வருபவர்கள் குழலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். சில்லு உருண்டு ஓடைக்குப் போய்விடும். அதனால் பிச்சைக்கனி சில்லுகளைத் தனியாக ஒரு டப்பாவில் வைத்திருப்பார். பேரம் முடிந்து, வந்தவர் ‘செரி’ என்று சொன்னதும், ஒன்றை எடுத்து இரண்டு விரலால் பிடித்துக் குழலுக்குள் விடுவார். ‘ணிங்’. “சில்லு போட்டாச்சு, கேட்டா.” அந்தச் சத்தத்தோடு யாவாரம் முடிந்தது. முப்பது வருடமாகக் கை தானாகச் செய்கிற வேலை.

ஆன்லைன் ஆர்டர்கள் வந்தன. எழுந்து நின்றார், வரவேற்றார், துடைத்தார், அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டினார். எல்லாம் செய்தார். ஆனால் எதிரே நின்று ‘செரி’ சொல்ல ஆளில்லை. கையும் டப்பாவுக்குப் போகவில்லை.

பத்தாம் நாள் ஷிஜா போனைப் பார்த்துவிட்டு அலறாத குறை. “அப்பா, எல்லாமே ஒத்த ஸ்டார். ‘மாவு நேரா தண்ணியில போகுது’ன்னு எழுதியிருக்காங்க. ஒருத்தர் ‘கஞ்சி வைக்க நல்ல பாத்திரம்’னு எழுதியிருக்காரு.”

“பால்பாண்டி வேல” என்று பிச்சைக்கனி செருப்பை மாட்டினார். பால்பாண்டி எதிர்ப் பாத்திரக் கடைக்காரர். அவர் நிதானமாகச் சொன்னார்: “போன்ல எழுதத் தெரிஞ்சா நான் எதுக்குவே ஒம்ம மூஞ்சிக்கு நேரா கட வச்சிருக்கேன்?”

மறுநாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஏழு நாளில் புகார்கள் தீராவிட்டால் கடை மூடப்படும்.

“என் கடைய மூட அவன் யாரு? சட்டர் சாவி எங்கிட்டல்லா இருக்கு.”

“அப்பா, ஆ கட இல்ல. ஈ கட” என்று ஷிஜா முதலில் சட்டரையும் பிறகு போனையும் காட்டினாள்.

பிச்சைக்கனி பரணைப் பார்த்தார். ஓணம் வரைக்கும் விற்க வேண்டியதெல்லாம் அங்கே பளபளவென்று உட்கார்ந்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெட்டியில் ஒட்டிய விலாசங்களில் ஒன்றைத் தேர்ந்து, கழக்கூட்டத்துக்குப் பஸ் ஏறினார். பஜாரில் குறை சொன்னவர் வீட்டுக்கு நேரில் போவதுதான் வழக்கம். பெங்களூர்க்காரனின் சட்டத்தில் அது கூடாது என்பது அவருக்குத் தெரியாது.

ஏழாவது மாடி. கதவைத் திறந்தவள் லிபி என்ற பெண். கழுத்தில் ஆபீஸ் அட்டை.

“புட்டுக்குடம் தந்தவன் நாந்தான் மோளே. என்ன கொற?”

லிபி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, “அங்கிளே, ஞான் புட்டு உண்டாக்கி. கிட்டியது கஞ்ஞி” என்று குடத்தை எடுத்து வந்தாள்.

பிச்சைக்கனி குழலைத் தட்டிப் பார்த்தார். நசுங்கல் இல்லை. கண்ணில் வைத்து, கப்பல் கேப்டன் போல வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். அந்தப் பக்கம் லிபியின் முகம் முழுசாகத் தெரிந்தது. மூக்குத்தி உட்பட. நடுவில் தடுக்க ஒன்றுமே இல்லை.

“அய்யோ மோளே” என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “சில்லு.”

அடுத்த ஐந்து நாளும் ஸ்கூட்டரின் முன்பக்கம் சில்லு டப்பாவோடு ஊர் சுற்றினார். ஸ்ரீகாரியம், பேட்டை, நேமம். வெளியூர்களுக்குத் தபால் உறையில் போட்டு அனுப்பினார். எந்த வாசலிலும் சில்லைக் கையில் கொடுக்க மாட்டார். குழலைக் கொண்டுவரச் சொல்லி, தானே உள்ளே போட்டுச் சத்தத்தைக் கேட்கவைத்துவிட்டுத்தான் கிளம்புவார். மூன்று வீட்டில் புட்டு கிடைத்தது. இரண்டில் பழமும் இருந்தது.

ஆறாம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் வந்தாள். வாங்கியவர்களை விற்பவர் நேரில் சந்திக்கக் கூடாது, இது விதிமீறல், இதற்காகவும் கடை மூடப்படலாம் என்று இனிமையாகச் சொன்னாள்.

“செரி தாயி. இனிமே சில்லு மறந்தா மட்டும் போறேன்.”

அன்று சாயங்காலம் அவர் டீ குடிக்கவில்லை. சந்துக்கே அது செய்தி.

ஏழாம் நாள் காலையில் ஷிஜா வாசித்துக் காட்டினாள். லிபி ஒரு ஸ்டாரை ஐந்தாக்கி எழுதியிருந்தாள்: ‘கடைக்காரரே ஏழு மாடி ஏறி வந்து சரிசெய்தார். லிஃப்ட் இருப்பது அவருக்குத் தெரியாது.’ அதன் கீழே வரிசையாக மற்றவர்களும் மாற்றியிருந்தார்கள். கம்பெனியிலிருந்து வந்தது ஒரே வரி. கடை தொடர்ந்து இயங்கும், நேரில் சந்திக்கும் தவறு மறுபடி நடக்கக் கூடாது.

“லிஃப்ட் இருந்துச்சா?” என்றார் பிச்சைக்கனி. வேறொன்றும் கேட்கவில்லை.

இப்போது தினமும் நாலு மணிக்குப் பெட்டிகளை எடுக்கக் கம்பெனி வண்டியில் பிபின் வருகிறான். அவன் வரும்வரை பிச்சைக்கனி ஒரு பெட்டியையும் ஒட்டுவதில்லை. பிபின் ஒவ்வொரு குடத்துக்கு முன்னாலும் வாங்க வந்தவன் போல நிற்க வேண்டும். “வெல கூடுதலல்லே சேட்டா?” என்று அவனே ஒரு நாள் விளையாட்டாகக் கேட்கப்போய், இன்று வரை அதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

நேற்று பதினெட்டுப் பெட்டி. பதினேழு முடிந்தது. பதினெட்டாவதுக்குள் பிபினுக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு யாரிடமோ வழி கேட்டுக்கொண்டிருந்தான். வண்டி உறுமிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. பிச்சைக்கனி அவசரப்படவில்லை. சில்லை இரண்டு விரலால் பிடித்து, குழலின் வாய்க்கு மேலே அப்படியே வைத்துக்கொண்டு, பிபினின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிபின் போனைக் கையால் பொத்தினான்.

“செரி சேட்டா.”

‘ணிங்.’