நொட்டையக்கா திறந்த கோப்பு

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு நொட்டையக்கா என்று பெயர். கோப்புகளைப் பூட்டும் மென்பொருள்களைச் சோதித்து, தேறுமா தேறாதா என்று எழுதுவது அவர் வேலை. நொட்டை கண்டுபிடிக்கச் சம்பளமும் கொடுத்துவிட்டு, எப்போது பார்த்தாலும் நொட்டை சொல்கிறார் என்று அலுத்துக்கொள்ளும் கூட்டத்தை என்னவென்று சொல்வது? பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்க்கும் எனக்கே வயிறு எரியும்.

போன மாதம் வந்த மென்பொருள், அடி தாங்காமல் வீட்டைவிட்டு வந்த பெண்கள் தங்கும் விடுதிகளுக்கானது. யார் எந்த விலாசத்தில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை அது காக்க வேண்டும். புருஷன்காரன் கையில் அது சிக்கினால் தீர்ந்தது.

அக்கா மூன்று வாரம் குடைந்தார். பூட்டு பலமாகத்தான் இருந்தது. ஆனால் கடவுச்சொல் மறந்துவிட்டால் கூப்பிட ஓர் உதவி எண். பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுவிட்டு, கம்பெனிக்காரர்களே திறந்து கொடுப்பார்களாம். அக்கா 'தேறாது' என்று எழுதினார்.

மேலாளர் குதித்தார். "அது ஒரு வசதிம்மா! அதையும் குத்தம் சொன்னா எப்படி?"

"விடுதி வார்டன் பொறந்த தேதிய யார் வேணா விசாரிச்சுக்கலாம் சார். எவன் கேட்டாலும் தெறந்து குடுத்துடுவாங்க."

"சும்மா கற்பனை பண்ணாதீங்க. சாயங்காலத்துக்குள்ள மாத்தி எழுதுங்க."

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "சரி, நீங்களே ஒரு வரி எழுதிப் பூட்டி அனுப்புங்க. எனக்குத் தெரியக்கூடாததா எழுதுங்க."

அவர் சிரித்துக்கொண்டே தட்டி அனுப்பினார். அக்கா அவர் எதிரிலேயே ஸ்பீக்கரைப் போட்டு உதவி எண்ணை அழைத்து, மேலாளர் பெயரைத் தன் பெயராகச் சொன்னார். பெண் குரலில் ஆண் பெயர். அந்தப் பக்கத்துப் புண்ணியவானுக்குச் சந்தேகமே வரவில்லை. பிறந்த தேதி, அறிவிப்புப் பலகையில் இருந்த ஐம்பதாவது பிறந்தநாள் வாழ்த்திலேயே இருந்தது. நாலே நிமிடத்தில் கோப்பு திறந்தது.

அக்கா வாய்விட்டுப் படித்தார்: "இந்தம்மாவை அடுத்த மாதம் காகிதக் கிடங்குக்குத் தள்ள வேண்டும்."

மேலாளர் முகம் சுண்டிப்போயிற்று. "சரி, தேறாதுன்னே இருக்கட்டும்" என்று முனகினார். மென்பொருள் திரும்பிப் போனது.

நேற்று அக்காவின் மாற்றல் ஆணை வந்தது. மேலே 'இரகசியம்' என்று போட்டு, பூட்டாமலேயே அலுவலகம் முழுக்க அனுப்பியிருந்தார்கள். கிடங்கின் மாடி, அறை எண் எல்லாம் அதில் இருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

அக்கா மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டே சொன்னார். "விடு. அந்தப் பொண்ணுங்க இருக்கற எடம் வெளிய போகல. என் எடம்தானே, தெரிஞ்சாத் தெரிஞ்சுட்டுப் போகுது."