முடிவு எதுவும் கிடைக்கவில்லை

எங்கள் விடுதியில் அவளுக்குப் புயல் என்று பெயர். பல் தேய்த்துக்கொண்டே ஷூ மாட்டுவாள். லிஃப்ட் வருவதற்குள் மூன்று மாடி ஏறிப்போய், மேலே நின்று என்னைத் திட்டுவாள். எனக்கு அவள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. நூலக மேஜையில் தலை சாய்த்து நான் தூங்குவது உண்மைதான், மறுக்கவில்லை.

கல்லூரியில் மூன்றாம் வருஷம் ஆளுக்கு ஓர் ஆய்வு செய்ய வேண்டும். புயலின் அம்மா நர்ஸ், பதினெட்டு வருஷமாக நைட் டியூட்டி. காலையில் வந்து படுத்தால் தூக்கம் வராது. "சும்மா மேல பாத்துக்கிட்டே கிடப்பாங்கடி" என்று சொல்லும்போது மட்டும்தான் புயல் ஓர் இடத்தில் நிற்பாள். அந்தத் தூக்கத்தைத்தான் ஆராய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"இதப்பத்தி ஏற்கெனவே வந்த பத்து கட்டுரையாவது காட்டு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள பட்டியல் வரலன்னா வேற தலைப்புதான்" என்று சொல்லிவிட்டார் பேராசிரியர்.

மூன்று வாரம் நூலகத்தின் தேடல் பக்கத்தைப் போட்டு உலுக்கினாள். ஒவ்வொரு முறையும் 'முடிவு எதுவும் கிடைக்கவில்லை' என்றே வந்தது. முதலில் பயந்தாள். அப்புறம் கோபம். கடைசியில் பெருமையே வந்துவிட்டது. "எங்கம்மா மாதிரி ஆளுங்களப் பத்தி உலகத்துல யாருமே யோசிக்கலடி. நான்தான் முதல் ஆள்!"

வெள்ளிக்கிழமை மதியம் இதையே பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணு, நீ மேதை. இல்லன்னா உனக்குத் தேடத் தெரியல. எதுன்னு நாலு மணிக்குள்ள சொல்லு."

நூலகத்துக்குத் திரும்பியபோது மணி இரண்டரை. நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள். பத்தடி தள்ளி, தேடத் தெரியாதவர்களுக்கான உதவி மேஜையில் ஓர் அக்கா சும்மாதான் இருந்தார். "அவங்ககிட்ட கேளேன்டி" என்றேன். "கேட்டா, மூணு வருஷமா என்ன கிழிச்சேன்னு நினைக்க மாட்டாங்க?" என்று சீறினாள். நானும் கேட்டதில்லை. எங்கள் வகுப்பில் யாருமே அந்த மேஜைப் பக்கம் போனதில்லை.

அவள் தண்ணீர் பிடிக்கப் போனபோது அவள் இடத்தில் உட்கார்ந்தேன். 'இரவுப் பணி செய்யும் செவிலியர்களால் பகலில் ஏன் தூங்க முடிவதில்லை?' என்று முழுக் கேள்வியாக, கேள்விக்குறியோடு அடித்து வைத்திருந்தாள். ஓரத்தில் 'இந்தக் கட்டடத்தில் உள்ளவை மட்டும்' என்ற கட்டத்தில் டிக். டிக் போடாவிட்டால் திறக்க முடியாத கட்டுரையெல்லாம் வந்து குவியும் என்று முதல் வருஷத்தில் சீனியர் யாரோ சொன்னதாம். அன்று போட்டவள் எடுக்கவே இல்லை.

அவ்வளவு நீளமாக அடிக்க எனக்குச் சோம்பல். டிக்கை எடுத்துவிட்டு நர்ஸ், நைட் ஷிஃப்ட், தூக்கம் என்று மட்டும் போட்டேன். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது.

திரும்பி வந்து பார்த்ததும் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் வாடிவிட்டது. "இத்தனை பேரா?" அடுத்த நொடியே என் மேல் பாய்ந்தாள். "மூணு வாரமா பக்கத்துலயே தூங்கினியே, ஒரு தடவ எட்டிப் பாத்தா என்ன?" நியாயமான கேள்வி. எனக்கு வெட்கமாக இருந்தது.

முதல் பத்துத் தலைப்புகளை மடமடவென்று எழுதிக்கொண்டு ஓடினாள். நானும் வாழ்க்கையில் முதல்முறையாக ஓடினேன். நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பேராசிரியர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் அம்மாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். அம்மா உடனே எடுத்தார்.

"தூங்கலையாம்மா?"

"எங்க தூக்கம்? சொல்லு."

"தலைப்பு ஓகே ஆயிடுச்சும்மா! உன் தூக்கத்தப் பத்தி ஆயிரத்துச் சொச்சம் கட்டுரை இருக்கு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எழுதியிருக்காங்க."



"அப்படியா? எங்க வார்டுல யாரும் சொல்லலையே" என்றார் அம்மா. பிறகு ஆசையாகக் கேட்டார். "தூங்கறதுக்கு என்ன செய்யணும்னு போட்டிருக்கு?"

புயல் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"இன்னும் படிக்கலம்மா."