துவாலுக் கப்பல்காரர்

மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போன என்னை வார்டின் தலைமைத் தாதி தோளைத் தொட்டு நிறுத்தினாள். உன் ஊர்க்காரர் ஒருவர் வந்திருக்கிறார், யாரோடும் பேசுகிறாரில்லை, நீ போய் உன் மொழியில் கேட்டுப் பார் என்றாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் யாழ்ப்பாணச் சனம் நிறைந்துகொண்டிருந்த காலம். மாநிறமாக யார் வந்தாலும் சமையலறையில் வேலை செய்யும் என்னைக் கூப்பிடுவது அந்த ஆஸ்பத்திரியில் வழக்கமாகியிருந்தது. ஜன்னலோரக் கட்டிலில் அகன்ற தோள்களோடு ஒருவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். நாற்பது வயது இருக்கும். "அண்ணை, நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டேன். அவர் தலையை மட்டும் திருப்பிச் சிரித்தார். "தாலோஃபா" என்றார். அது அவர்களுடைய வணக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

அவர் துவாலு என்ற நாட்டுக்காரர். சீனி ஏற்றிவந்த கப்பலில் மாலுமி. துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது ஏணியிலிருந்து கப்பலின் அடித்தளத்தில் விழுந்து முதுகெலும்பு முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஏரிகள் உறைந்து, கடலுக்குப் போகும் கால்வாயின் கதவுகளைப் பூட்டுமுன் வெளியேற வேண்டும் என்பதால் கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. எங்களுக்குள் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலம்தான். ஆனாலும் இத்தனை வருடம் கழித்து நினைக்கும்போது, அவர் சொன்னதெல்லாம் யாழ்ப்பாணத் தமிழிலேயே காதில் கேட்கிறது.

அன்றிரவு என் கணவரிடம் சொன்னேன். "உப்பிடி ஒரு நாடு இருக்கோ? அந்தாள் உன்னைப் பேய்க்காட்டுது" என்றார். பிள்ளையின் தேசப்படப் புத்தகத்தைத் தேடி எடுத்தோம். பசிபிக் சமுத்திரத்தின் நடுவே பெயர் இருந்தது. நிலம் இருக்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது சில புள்ளிகள் தெரிந்தன.

தட்டை வைத்துவிட்டு நிற்கும் கொஞ்ச நேரத்தில் அவர் அந்தப் புள்ளிகளைப் பெரிதாக்குவார். ஒன்பது தீவுகள். முன்பு எட்டில்தான் ஆட்கள் இருந்தார்கள். அதனால் எட்டுப் பேர் சேர்ந்து நிற்பது என்பதுதான் நாட்டின் பெயருக்கே அர்த்தம். மலை இல்லை, ஆறு இல்லை. குடிப்பதற்குக் கூரையில் விழும் மழைதான். உப்புத்தண்ணீர் ஊறும் நிலம் என்பதால் ஆழமாகக் குழி தோண்டி, இலைகுழைகளைப் போட்டு, அதற்குள் கிழங்கு நடுவார்கள். நாடு முழுவதிலும் இருப்பவர்கள் இங்கே ஒரு சின்ன விளையாட்டு மைதானத்துக்குள் அடங்கிவிடுவார்கள். பெடியள் கப்பல் வேலை பழகி வெளியே போய் உழைத்து அனுப்புவார்கள். "எங்கட வீட்டு வாசலில நிண்டா முன்னாலயும் கடல், பின்னாலயும் கடல். இஞ்ச ஒரு பக்கமும் தெரியேல்லை" என்றார். தென்னங்கள்ளு இறக்குவதைக் கையால் நடித்துக் காட்டினார். குந்தியிருந்து தேங்காய் துருவும் திருவலையை நான் நடித்துக் காட்டினேன். அங்கேயும் அதேதான் என்று கட்டில் குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை அந்த ஒருமுறைதான் பார்த்தேன்.

வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கதை. கப்பல் முகவர் ஒருவர் வந்து போவார். நடந்துதான் ஊருக்குப் போவேன் என்று மாலுமியும் அடம்பிடிக்கவில்லை. படுத்தபடியே போகவும் சம்மதம். ஆனால் ஃபிஜியிலிருந்து அந்தத் தீவுக்குப் போகும் விமானம் மிகச் சின்னது, படுக்கை வைக்க இடமில்லை என்றார்கள். கப்பலில் அனுப்பலாம் என்றால் டொக்டர் மறுத்தார். மனைவியோ தலைநகரில் இல்லை, தூரத்துத் தீவொன்றில். அங்கே செய்தி போவது ரேடியோவில். ஆள் வருவது படகு வரும்போது. "படகு எப்ப வரும்?" என்று கேட்டேன். "வரேக்க வரும்" என்றார்.

எனக்கு அது விளங்கியது. அந்த வருடம் எங்கள் அம்மாவும் ஐயாவும் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியாது. யாரையும் கூப்பிட்டுக் கேட்க முடியாது. அவரை அனுப்ப வழியில்லையா என்று நான் முகவரிடம் கேட்டேன், தாதியிடம் கேட்டேன், ஆஸ்பத்திரிச் சமூக சேவகியிடம் கேட்டேன். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் பாவம் என்று தலையை ஆட்டினார்கள். கடைசியில் என்னால் செய்ய முடிந்தது, சோற்றோடு கொஞ்சம் தேங்காய்ச் சம்பல் களவாகக் கொண்டுபோய்க் கொடுத்தது மட்டும்தான். பெப்ரவரியில் ஒரு காலை, கால் நாளத்தில் உறைந்த இரத்தம் நெஞ்சை அடைத்து அவர் போய்விட்டார். நான் தட்டோடு போனபோது கட்டிலை விரித்துக்கொண்டிருந்தார்கள்.

கப்பல் கம்பனி அவரை இங்கேயே அடக்கம் செய்தது. பாதிரியார், தலைமைத் தாதி, முகவர், நான். உறைந்த மண்ணை இயந்திரத்தால் கிண்டியிருந்தார்கள். துவாலு மொழியில் ஒரு பாட்டுத் தெரியுமா என்று பாதிரியார் என்னைத்தான் பார்த்துக் கேட்டார். இல்லை என்றேன். ஒரு தேவாரம் தொண்டை வரை வந்தது. அது அவருக்குரியதல்லவே என்று விழுங்கிவிட்டேன். பனி கொட்டத் தொடங்கியது.

இப்போது துவாலு எல்லாருக்கும் தெரிகிறது. கடல் மட்டம் உயர்ந்து மூழ்கப்போகும் நாடென்று தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். இங்கே பிறந்த என் பேத்திகூடப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து எனக்குச் சொல்கிறாள். அந்தக் குளிர்காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டவர்கள் எல்லாம் எழுத்துக்கூட்டச் சொல்லித்தான் கேட்டார்கள்.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து வார்டுக்கு ஒரு தொலைபேசி வந்தது. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் என்னைக் கூப்பிட்டார்கள். ரேடியோவில் சாவுச் செய்தி போய், படகு கிடைத்து, அவர் மனைவி தலைநகரத்துத் தபாற்கந்தோருக்கு வந்து சேர்ந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கந்தோர்க்காரர் ஒருவர் இடையில் நின்று சொன்னார்.

"அவரைத் தனியவோ அடக்கம் செய்தனீங்கள் எண்டு கேக்கிறா."

"இல்லை. பக்கத்தில கனபேர் இருக்கினம்."

கம்பியில் ஒரே இரைச்சல். பிறகு கந்தோர்க்காரரின் குரல் வந்தது. "எங்கட ஊரில வீட்டு வாசலில வெள்ளை மணலுக்கதான் வைக்கிறது. அங்க நிலம் எப்பிடி, வெள்ளையோ எண்டு கேக்கிறா."

அன்றைக்குப் பார்த்த குழியையும் அதன் மேல் விழுந்த பனியையும் நினைத்தேன். "ஓம், வெள்ளைதான்" என்றேன்.

அவர் அதைச் சொல்வது கேட்டது. ஒரு பெண் குரல் மெதுவாக ஏதோ சொன்னது. "அப்ப பரவாயில்லையாம். ஊரில கிடக்கிற மாதிரித்தான் அவருக்கு இருக்குமாம்" என்றார் கந்தோர்க்காரர். நான் மேலே ஏதும் சொல்லுமுன் தொடர்பு அறுந்தது. வெளியே மார்ச் மாத மழை பெய்துகொண்டிருந்தது. கார்கள் நிற்கும் இடத்தில் பனி கரைந்து, கறுத்த தார் தெரியத் தொடங்கியிருந்தது.