யுனைசி கொடுத்த இரண்டு சிலிண்டர்

தவெயுனித் தீவில் எங்கள் கரைக்கு வருகிற விருந்தாளிகள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். கடலுக்கடியில் மூழ்க எங்கே கற்றுக்கொள்ளலாம்? பத்து நாள் விடுமுறையில் நாலைந்து நாளை ஒதுக்கினால், உலகத்தில் எந்தக் கடலிலும் இறங்கலாம் என்று ஓர் அட்டை கிடைக்கும். அதைக் கொடுக்க எங்கள் விரிகுடாவில் மூன்று இடங்கள் உண்டு. நீச்சல்குளத்தோடு கூடிய பெரிய விடுதி ஒன்று. எட்டுப் பேரை ஒரே படகில் ஏற்றிக்கொண்டு மூன்றே நாளில் முடித்துவிடுகிறவர்கள் இரண்டாவது. மூன்றாவது எங்கள் ஆல்பர்ட் முதலாளியின் தகரக்கூரைக் கடை. அங்கே பதிவு மேசையில் நான் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கடையில் கற்றுக்கொடுக்கிறவள் யுனைசி. எதிர்த் தீவுக்காரி, நாற்பத்தொரு வயது. கடைக்கு வந்த புதிதில், விருந்தாளிகள் கழற்றிப் போடுகிற ரப்பர் உடைகளை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடுவதுதான் அவள் வேலை. அலசிக்கொண்டே பாடங்களை எட்ட நின்று கேட்டாள். நாலு வருடத்தில் மூழ்கினாள், எட்டு வருடத்தில் ஆசிரியர் அட்டை வாங்கினாள். எங்கள் கரையில் அதை வாங்கிய முதல் பெண் அவள்தான். அவளிடம் படித்தவர்கள் எல்லாருக்கும் ஒரு வாக்கியம் மனப்பாடம் ஆகிவிடும். "உங்க வாயிலிருந்து போற குமிழியை விட வேகமா மேல போகாதீங்க."

அந்த வாக்கியத்தை அவள் சொல்லும்போதெல்லாம் கடையை ஒட்டிய கொட்டகைப் பக்கம் அவள் கண் போகும். அங்கே காற்று அடைக்கும் இயந்திரத்தின் அருகில், சக்கர நாற்காலியில் சைமோனே இருப்பான். அவளுடைய தாய்மாமன் மகன். இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்வில்லை. சட்டை போடாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு சிலிண்டரையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்துக் காற்று நிரப்புவான்.

"வாத்தியாரம்மா, இன்னைக்கு எத்தனை மீனைப் பயமுறுத்தினே?" என்பான்.

"உன் மூஞ்சியைப் பார்த்துப் பயந்த மீனு அளவுக்கு இல்லடா" என்பாள் அவள்.

எங்கள் ஊரில் மாமன் மகனும் அத்தை மகளும் இப்படித்தான் பேசிக்கொள்ள வேண்டும். பேசாவிட்டால்தான் கோபம் என்று அர்த்தம். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் என்ன புதைந்திருந்தது என்று ஏழு வருடமாக எங்களில் யாருக்கும் தெரியாது.

எங்களுக்குத் தெரிந்த கதை இதுதான். ஏழு வருடத்துக்கு முன்பு, கடலடியில் ஊர்கிற கடல் அட்டைக்கு எக்கச்சக்க விலை வந்தது. கரையோரத்து அட்டைகள் தீர்ந்துபோய், ஆண்கள் ஆழத்துக்குப் போனார்கள். சைமோனே எங்கள் கடையிலிருந்து இரண்டு சிலிண்டர்களைத் திருடிக்கொண்டு போனான். எதையும் கற்றுக்கொள்ளாதவன், ஒரே பகலில் நாலு முறை ஆழத்துக்கு இறங்கி, நாலு முறையும் விர்ரென்று மேலே வந்தான். ஆழத்தில் இரத்தத்துக்குள் கரைந்த காற்று, அவசரமாக மேலே வந்தால் குமிழியாகி நரம்பை அடைத்துக்கொள்ளும். தலைநகர் சுவாவின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு நாள் ஆயிற்று. உயிர் வந்தது. கால்கள் வரவில்லை.

அவன் அப்பா ஏபெலி, எங்கள் பக்கத்தில் எல்லாரும் மதிக்கிற மனிதர், திமிங்கலப் பல்லைக் கையில் ஏந்தி எங்கள் கடைக்கு வந்தார். ஆல்பர்ட் முதலாளியின் முன்னால் தரையில் அமர்ந்து, மகன் செய்த திருட்டுக்காகத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். திமிங்கலப் பல்லோடு கேட்ட மன்னிப்பை எங்கள் சனத்தில் லேசில் மறுக்க மாட்டார்கள். முதலாளி வாங்கிக்கொண்டார். பிறகு மனம் இளகிச் சைமோனேவுக்கு வேலையும் கொடுத்தார். ஏபெலி அடுத்த வருடமே போய்ச் சேர்ந்தார். மன்னிப்புக் கேட்ட நாளிலிருந்து சாகும்வரை அவர் வேதக்கோயிலில் முன்வரிசையில் உட்காரவே இல்லை.

விருந்தாளிகள் யாராவது கேட்டால், சைமோனே தென்னைமரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்று சொல்வோம். கற்றுக்கொள்ள வந்தவர்களிடம் வேறு எப்படிச் சொல்வது?

இந்த வருடம் மழை முடிந்ததும் வந்தவர்கள் கடையைப் பார்ப்பார்கள், நாற்காலியைப் பார்ப்பார்கள், படிக்க அந்தப் பெரிய விடுதிக்குப் போய்விடுவார்கள். ஒரு வியாழக்கிழமை காலையில் முதலாளி யுனைசியை என் மேசைக்கு அழைத்தார். சனிக்கிழமைப் படகில் சைமோனேயை ஊருக்கு அனுப்பிவிடலாம், ஏழு வருடம் வைத்துக்கொண்டதே பெரிது, திருடினவனுக்கு வேறு யார் இவ்வளவு செய்வார்கள் என்றார். குரலில் கோபம் இல்லை. யுனைசி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு மத்தியானம்தான் ஹெதர் என்ற ஒரு பெண் தன் மகளோடு வந்தாள். டாஸ்மேனியாக்காரி, மருத்துவமனையில் தாதியாக இருபது வருடம். மகள் டில்லிக்குப் பதினாறு வயது, கடல் பைத்தியம். தாய் கையில் ஒரு சின்ன நோட்டு. மற்ற இரண்டு இடங்களுக்கும் போய்விட்டு வந்திருந்தாள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர், எத்தனை நாள், படகில் பிராணவாயுப் பெட்டி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். யுனைசி பதில் சொன்னாள். ஐந்து நாள், மூன்று பேருக்கு மேல் எடுப்பதில்லை. பெட்டியைத் திறந்தே காட்டினாள். நோட்டில் எழுதிக்கொண்டே வந்த ஹெதர், கொட்டகைப் பக்கம் பார்த்ததும் பேனாவை நிறுத்தினாள்.

"அவருக்கு என்ன ஆச்சு?"

என் வாயில் தென்னைமரம் தயாராக இருந்தது. நானே சொல்லிவிட்டேன்.

ஹெதர் எழுந்துபோய்ச் சைமோனேவுக்கு வணக்கம் சொன்னாள். அவனோடு இரண்டு வார்த்தை பேசினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"விழுந்து முதுகு உடைஞ்சவங்களை நான் தினம் பார்க்கிறவ. இவர் முதுகுல ஒரு தழும்பு கூட இல்ல" என்றாள். "நான் என் பொண்ணை விட்டுட்டுப் போகப்போற இடம் இது. ஒரு தடவைதான் கேப்பேன். என்ன ஆச்சு?"

முதலாளி வாசலில் நின்றிருந்தார். யுனைசி டில்லியின் முகத்தைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றி, ஆசிரியர் அட்டையை மேசை மேல் வைத்தாள்.

"அவன் திருடல. நான்தான் கொடுத்தேன்."

நடந்தது முழுவதையும் அவளே சொன்னாள். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் சைமோனே ஒன்றைக் கேட்கப் போகும்போது காணிக்கையாக வைக்கிற யங்கோனா வேர் ஒரு கட்டோடு அவள் வீட்டுக்கு வந்தான். முன்னால் வைத்துவிட்டுக் கெரெகெரே என்றான். எங்கள் சனத்தில் உறவுக்காரன் அந்த ஒரு சொல்லைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்ற பதில் கிடையாது. துணியோ, பன்றியோ, படகோ, கேட்டால் கொடுத்தாக வேண்டும். அதுவும் மாமன் மகன். அவனுக்கு மூழ்கத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், முறையை மீற மனம் வரவில்லை. கடைச் சாவியை எடுத்துப்போய், தன் கையாலேயே இரண்டு சிலிண்டரைத் தூக்கிக் கொடுத்தாள். மெதுவாக மேலே வா என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் சைமோனே எல்லாரிடமும் திருடினேன் என்று சொல்லிவிட்டான். உண்மை தெரிந்தால் அவள் அட்டை போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். அவள் அப்போது மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. மாமா திமிங்கலப் பல்லோடு வந்து இதே தரையில் உட்கார்ந்தபோதும் பேசவில்லை.

"எங்க மாமா தலையைக் குனிஞ்சுகிட்டு இங்க உட்கார்ந்தாரு. நான் அந்தச் சுவர்ப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் யுனைசி.

ஹெதர் நோட்டை மூடினாள். இன்றைக்கு எங்கேயும் சேர்வதாக இல்லை என்று மட்டும் சொல்லி மகளை அழைத்துக்கொண்டு போனாள். முதலாளி அட்டையை எடுத்துப் பார்த்தார், பையில் போட்டுக்கொண்டார். அட்டை கொடுத்த சங்கத்துக்கு எழுத வேண்டியது தன் கடமை என்றார். யுனைசி தலையசைத்தாள்.

கொட்டகையில் இயந்திரம் நின்றிருந்தது. சைமோனே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"யாரு உன்னைச் சொல்லச் சொன்னா?" என்றான். சிரிப்பில்லாத அவன் குரலை நான் அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். "என் காலும் போச்சு, பேரும் போச்சு. அதுக்குப் பதிலா உன் அட்டையாவது இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அதையும் தொலைச்சுட்டியே."

"உன் பேரை வச்சுத்தாண்டா நான் இத்தனை வருஷம் சாப்பிட்டேன்" என்றாள் அவள். "இனிமே எனக்குச் சோறு இறங்காது."

சனிக்கிழமைப் படகு புறப்பட்டபோது அதில் சைமோனே இருந்தான். யுனைசியும் அவள் அண்ணனும் இருந்தார்கள். ஆல்பர்ட் முதலாளியும் இருந்தார், மடியில் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு. ஏன் வருகிறார் என்று யாரும் கேட்கவில்லை. கூட நானும் போனேன்.

எதிர்த் தீவில் ஏபெலியின் வீட்டுக்குள் பாய் விரித்திருந்தது. அவருடைய மனைவி செரா நடுவில் உட்கார்ந்திருந்தாள். யுனைசி வாசலை ஒட்டி, பாயின் கடைசி விளிம்பில் உட்கார்ந்தாள். தப்புச் செய்தவர் உட்கார வேண்டிய இடம் அது. முதலாளி பொட்டலத்தைப் பிரித்தார். ஏழு வருடத்துக்கு முன்பு ஏபெலி கொடுத்த அதே திமிங்கலப் பல். எண்ணெய் தடவி வைத்திருந்தார். இதை வைத்துக்கொள்ளத் தனக்கு உரிமை இல்லை, இது செய்யாத தப்புக்காக வந்தது என்று சொல்லி, யுனைசியின் அண்ணன் கையில் கொடுத்தார்.

வழக்கப்படி அண்ணன்தான் பேசினார். தன் தங்கை கொடுக்கக்கூடாததைக் கொடுத்தாள், பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்தாள், இந்த வீட்டுப் பெரியவர் அதனால் தலைகுனிந்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். யுனைசி நெற்றி பாயைத் தொடும்படி குனிந்திருந்தாள். அவள் முதுகு குலுங்கியது.

அண்ணன் ஏந்தி நீட்டிய பல்லை வாங்கச் செரா அத்தை வெகுநேரம் கை நீட்டவில்லை. வாங்காமலே எழுந்துவிடுவாளோ என்று பயந்தேன். வாங்காவிட்டால் இரண்டு குடும்பமும் என்றைக்கும் முறிந்ததுதான். கடைசியில் வாங்கினாள். முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடினாள்.

"என் புருஷன் கையை விட்டுப் போனது" என்றாள். "இன்னைக்குத்தான் வீட்டுக்கு வந்திருக்கு."

பிறகு யுனைசியைப் பார்த்து, எழுந்து வந்து மரவள்ளி சாப்பிடு என்றாள். அப்போதுதான் யுனைசி வாய்விட்டு அழுதாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் போதகர் எல்லாவற்றையும் சபைக்குச் சொன்னார். சைமோனேயின் நாற்காலியை நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் முன்வரிசையில், அவன் அப்பா உட்கார்ந்த இடத்தில் வைத்தார்கள். முதலாளி அவனை ஊரில் விட்டுவிட்டு வரவில்லை. திங்கட்கிழமைப் படகில் எங்களோடு அழைத்து வந்தார்.

கடையைத் திறந்தபோது வாசல் படியில் ஹெதரும் டில்லியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்த ரெண்டு இடத்துலயும் இதுக்கு முன்னாடி யாருக்காவது ஏதாவது ஆச்சான்னு கேட்டேன். இதுவரைக்கும் ஒரு சின்ன விபத்து கூட நடந்ததில்லைன்னு சொன்னாங்க" என்றாள் ஹெதர். "எழுதிக்குங்க. அஞ்சு நாள்."

டில்லிக்குக் கற்றுக்கொடுத்தவர், முதலாளி வெளியிலிருந்து வரவழைத்த ஜோசஃபா என்ற ஆசிரியர். யுனைசியின் அட்டைக்கு ஒரு வருடத் தடை என்று பிறகு சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அந்த ஐந்து நாளும் அவள் படகில் கயிறு பிடித்தாள், ரப்பர் உடைகளை அலசினாள். வந்த புதிதில் செய்த அதே வேலை.

முதல் பாடத்துக்கு முன்பு டில்லியை அவள் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். இவனிடம் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள். சைமோனே தன் காலைக் கையால் தூக்கிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னான். தென்னைமரம் என்ற சொல் அதற்குப் பிறகு எங்கள் கடையில் யார் வாயிலும் வரவில்லை.

கடைசி நாள் நானும் படகில் இருந்தேன். டில்லி பதினெட்டு மீட்டர் இறங்கியிருந்தாள். திரும்பி வரும்போது, இரத்தத்தில் கரைந்த காற்று வெளியேற, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். தண்ணீர் தெளிவாக இருந்ததால் மேலிருந்தே அவள் தலைமுடி தெரிந்தது. குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து உடைந்தன. யுனைசி கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் எண்ணினாள். மூன்று நிமிடம் முடிந்தது. அந்தப் பெண் அவசரப்படவில்லை. குமிழியைத் தன்னை முந்த விட்டு, அதன் பின்னால் வந்து தலையைத் தூக்கினாள்.

அவள் முதுகிலிருந்து சிலிண்டரைக் கழற்றி வாங்கியவள் யுனைசிதான். சைமோனே தட்டிப் பார்த்து நிரப்பிய சிலிண்டர். கரை சேரும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.